ஏணிப்படமும் உண்மைக் கம்பியும்: பிஎல்சி கற்கத் தொடங்குவோருக்கு

கிணற்றடி மோட்டார் ரூமில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்திராதவர்கள் நம் கிராமங்களில் அரிது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே 'டக்' என்ற ஒலியுடன் காண்டாக்டர் என்னும் மின்காந்த ஸ்விட்ச் இழுக்கிறது, மோட்டார் ஓடத் தொடங்குகிறது, விரலை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நிற்கிறது. மின்சாரம் போனாலும் நிற்கிறது. ஆனால் தனியாக ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தாதவரை, மின்சாரம் திரும்பி வந்ததும் தானாக ஓடுவதில்லை. யாராவது வந்து மீண்டும் பச்சையை அழுத்த வேண்டும். தொழிற்சாலை இயந்திரங்களை நிரல் வழியாகக் கட்டுப்படுத்தும் பிஎல்சியை (புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர்) கற்கத் தொடங்குவோருக்கு இந்தப் பெட்டியைவிட நல்ல முதல் பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தால் தருக்கம் கம்பியிலேயே எழுதப்பட்டிருப்பது தெரியும். காண்டாக்டரை இழுக்கும் கம்பிச்சுருளான காயிலுக்குச் செல்லும் பாதையில் சிவப்புப் பொத்தானும், மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்தால் திறந்துகொள்ளும் ஓவர்லோட் ரிலேயின் தொடுமுனையும் வரிசையாக இணைந்துள்ளன. இரண்டும் சாதாரண நிலையில் மூடியிருப்பவை. மின்பணியாளர்கள் இவற்றை என்.சி. என்பார்கள். பச்சைப் பொத்தான் சாதாரண நிலையில் திறந்திருக்கும் என்.ஓ. வகை. அதற்கு இணையாகக் காண்டாக்டரின் துணைத் தொடுமுனை ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. காயில் இழுத்தவுடன் அந்தத் துணைத் தொடுமுனை மூடிக்கொள்வதால், விரலை எடுத்தாலும் மின்னோட்டம் அந்த வழியாகத் தொடர்கிறது; அதாவது காயில் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. இதற்கு ஹோல்டிங் என்று பெயர். மின்சாரம் போனால் அந்தப் பிடி விட்டுப்போகிறது, அதனால்தான் மோட்டார் தானாக மீண்டும் ஓடுவதில்லை.

ஒரு மோட்டாருக்கு இது போதும். நூற்றுக்கணக்கான மோட்டார்களும் வால்வுகளும், நகரும் பகுதி எல்லையைத் தொட்டதைச் சொல்லும் லிமிட் ஸ்விட்சுகளும் கொண்ட கார் தொழிற்சாலையில் இதே தருக்கத்தைக் கம்பியால் எழுத வேண்டுமானால் ரிலே என்னும் சிறு மின்காந்த ஸ்விட்சுகள் நிறைந்த பேனல்கள் சுவர் நீளத்துக்குத் தேவைப்படும். 1960களின் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நிலைமை அப்படித்தான் இருந்தது. காரின் வடிவமைப்பு மாறும்போதெல்லாம் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களின் வேலை வரிசையும் மாறும். வரிசை மாறினால் பேனலின் கம்பிகளைக் கழற்றி மறுபடி இணைக்க வேண்டும், அல்லது பேனலையே தூக்கி எறிய வேண்டும். ஓடும் நாட்களிலோ, ஆயிரக்கணக்கான தொடுமுனைகளில் எது தேய்ந்துபோயிற்று என்று தேடுவதே ஒரு தனி வேலையாக இருந்தது.

1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு இதற்கு மாற்று வேண்டும் என்று கேட்டு ஒரு தேவைப் பட்டியலை வெளியிட்டது. தொழிற்கூடத்திலேயே நிரலை மாற்ற முடிய வேண்டும். பழுதான பகுதியைக் கழற்றிப் புதியதைச் செருக முடிய வேண்டும். ரிலே பேனலைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். தொழிற்சாலையின் தூசியையும் அதிர்வையும் தாங்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டில் இயங்கிய ஒரு சிறு பொறியியல் குழுவில் இருந்த டிக் மோர்லியும் அவருடைய தோழர்களும் இதே சிக்கலை ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உருவாக்கிய கருவி அந்தக் குழுவின் 84ஆவது திட்டம் என்பதால் 084 என்று பெயர் பெற்றது. அதை விற்பதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனமே மோடிகான். பிஎல்சி என்ற சுருக்கப் பெயர் பின்னர் ஆலன்-பிராட்லி நிறுவனத்தின் வழியாக நிலைபெற்றது.

இந்த வரலாற்றில் கற்போருக்கு மிக முக்கியமானது ஆண்டுக்கணக்கு அல்ல, ஒரு தேர்வு. தொழிற்சாலை மின்பணியாளர்களுக்குக் கணினி மொழி தெரியாது, ஆனால் ரிலே வரைபடம் கைவந்த கலை. அதனால் நிரல் எழுதும் முறையையே அந்த வரைபடத்தைப் போல அமைத்தார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு செங்குத்துக் கோடுகள், அவற்றுக்கு இடையே படிப்படியாகக் கிடைக்கோடுகள், ஒவ்வொன்றிலும் தொடுமுனைக் குறிகள், கடைசியில் ஒரு காயில் குறி. பார்ப்பதற்கு ஏணிபோல் இருப்பதால் லேடர் என்ற பெயர் வந்தது. புதிய கருவி பழைய கைகளுக்குள் இயல்பாகப் போய்ச் சேர்ந்ததற்கு இந்தத் தேர்வே காரணம். ஆனால் அதே ஒற்றுமைதான் இன்றுவரை கற்போரைத் தடுமாறவும் வைக்கிறது. லேடர் மின்சுற்றுபோல் தோன்றுகிறது. அது மின்சுற்று அல்ல. இந்த வேறுபாடு எங்கெங்கே வெளிப்படுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் அடிப்படை என்பது என் கருத்து. கட்டளைகளின் பெயர்களைப் பிறகு ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

கருவியின் உடலமைப்பு எளியது. மின்வழங்கி, நிரலை இயக்கும் சிபியு, வெளியிலிருந்து செய்தி வாங்கும் இன்புட் பகுதி, வெளியே ஆணையிடும் அவுட்புட் பகுதி ஆகிய நான்கும் ஒரே பெட்டியிலோ தனித்தனிச் செருகு பகுதிகளாகவோ இருக்கும். பொத்தான், லிமிட் ஸ்விட்ச், தொடாமலே பொருளை உணரும் பிராக்சிமிட்டி சென்சார் போன்றவை பெரும்பாலும் 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டிசி) இன்புட்டுக்கு வருகின்றன. அவுட்புட் பகுதி ரிலே வகையாகவோ டிரான்சிஸ்டர் வகையாகவோ இருக்கும். ரிலே வகை பல மின்னழுத்தங்களைத் தாங்கும், ஆனால் மெதுவானது, தேயக்கூடியது. டிரான்சிஸ்டர் வகை வேகமானது, ஆனால் நேர்மின்சாரத்துக்கு மட்டுமே உரியது. எந்த வகையானாலும் பிஎல்சி மோட்டாரை நேரடியாக ஓட்டுவதில்லை. அது ஒரு சிறு ரிலேயையோ காண்டாக்டரின் காயிலையோ இயக்குகிறது; மோட்டாருக்கான பெரிய மின்னோட்டம் காண்டாக்டர் வழியாகவே போகிறது. ஸ்டார்ட்டர் பெட்டியின் கனமான பாதி அப்படியே இருக்கிறது, தருக்கம் மட்டுமே நிரலுக்குள் குடிபெயர்ந்திருக்கிறது.

இப்போது அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு வருவோம். புதிதாகக் கற்பவர் அனைவரும் இடறும் கல் இது. பொத்தான் என்.சி. வகை என்பதால், யாரும் தொடாத நிலையில் 24 வோல்ட் அதன் வழியாக இன்புட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த இன்புட்டுக்கான பிட், அதாவது 0 அல்லது 1 மட்டுமே கொள்ளும் நினைவிடம், 1 ஆக இருக்கும். அழுத்தினால் மின்சாரம் அறுபட்டு பிட் 0 ஆகும். லேடரில் திறந்த தொடுமுனைபோல் வரையப்படும் குறி உண்மையில் ஒரு கேள்வி: இந்த பிட் 1 ஆக இருக்கிறதா? சாய்கோடு போட்ட மூடிய குறி இன்னொரு கேள்வி: இந்த பிட் 0 ஆக இருக்கிறதா? மோட்டார் ஓடுவதற்கு, நிறுத்தும் பொத்தான் அழுத்தப்படாமல் இருக்க வேண்டும், அதாவது பிட் 1 ஆக இருக்க வேண்டும். ஆகவே சுவரில் இருப்பது என்.சி. பொத்தானாக இருந்தும், நிரலில் போட வேண்டியது திறந்த குறிதான். ரிலே வரைபடத்தை அப்படியே பார்த்து எழுதுபவர் இங்கே சாய்கோட்டுக் குறியைப் போடுவார், மோட்டார் தொடங்கவே தொடங்காது. குறியைப் பொருளின் படமாக நினைக்காமல் கேள்வியாக நினைக்கப் பழகினால் இந்தக் குழப்பம் முற்றிலும் நீங்கிவிடும்.

குழப்பம் தீராத சிலர் குறுக்கு வழி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். நிறுத்தும் பொத்தானை என்.ஓ. வகையாக மாற்றி, நிரலில் சாய்கோட்டுக் குறியை வைத்துவிடுகிறார்கள். கணினித் திரையின் சிமுலேட்டரிலும் பயிற்சி மேசையிலும் இது பிழையின்றி வேலை செய்யும். அதுதான் இதில் உள்ள ஆபத்து. பொத்தானுக்குச் செல்லும் கம்பியை ஒருநாள் எலி கடிக்கலாம், முனையின் திருகு அதிர்வில் தளரலாம். என்.சி. இணைப்பில் அந்த நொடியே பிட் 0 ஆகி மோட்டார் நின்றுவிடும், ஏதோ பழுது என்று தெரிந்துவிடும். என்.ஓ. இணைப்பில் கம்பி அறுந்தது யாருக்கும் தெரியாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அவசரமாக நிறுத்த வேண்டிய நாளில் பொத்தானை அழுத்தும்போதுதான் அது இறந்துகிடப்பது தெரியவரும். ஓவர்லோட் தொடுமுனை, அழுத்த எல்லை ஸ்விட்ச், தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்கும் மிதவை ஸ்விட்ச் என எதெல்லாம் இயந்திரத்தை நிறுத்த வேண்டுமோ அதெல்லாம் 'நான் நலம்' என்ற செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். செய்தி நின்றால் இயந்திரமும் நிற்க வேண்டும்.

அடுத்த வேறுபாடு நேரம் பற்றியது. ரிலே பேனலில் எல்லாப் பாதைகளிலும் மின்சாரம் ஒரே நேரத்தில் இருக்கிறது. பிஎல்சியோ ஒரு சுழற்சியை ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்கிறது: எல்லா இன்புட்டுகளையும் ஒருமுறை படித்து நினைவகத்தில் பதிந்துகொள்கிறது, அந்தப் பதிவை வைத்து நிரலை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு படியையும் இடமிருந்து வலமாகக் கணக்கிடுகிறது, கடைசியில் விடைகளை அவுட்புட்டுகளுக்கு அனுப்புகிறது. இதற்கு ஸ்கேன் என்று பெயர். ஒரு ஸ்கேன் பொதுவாகச் சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும்; நிரல் எங்காவது சிக்கி வரம்பைத் தாண்டினால் வாட்ச்டாக் என்னும் காவல் கடிகாரம் சிபியுவை நிறுத்திவிடும். ஸ்கேன் நடுவே இன்புட் மாறினாலும் நிரலுக்கு அது அடுத்த சுழற்சியில்தான் தெரியும். ஆகவே நிரல் உலகத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை, சற்றுமுன் எடுத்த படத்தைத்தான் பார்க்கிறது.

வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் கன்வேயரில், ஸ்கேன் 10 மில்லிவினாடி என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பாட்டில் 10 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 3 மில்லிவினாடி மட்டுமே நீடிக்கும் துடிப்பு இரண்டு படங்களுக்கு இடையே வந்து போய்விட்டால், நிரலைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. இதோடு இன்புட் வடிகட்டியும் சேர்கிறது. சீமென்ஸின் எஸ்7-1200 கருவியில் டிஜிட்டல் இன்புட்டுக்குத் தொடக்க அமைப்பாகவே 6.4 மில்லிவினாடி வடிகட்டி இருக்கிறது, அதைவிடக் குறுகிய துடிப்பு இரைச்சலாகக் கருதி ஒதுக்கப்படும். ஒரு சுற்றுக்கு 1,000 துடிப்புகள் தரும் என்கோடர் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் வினாடிக்கு 25,000 துடிப்புகள், அதாவது 40 மைக்ரோவினாடிக்கு ஒன்று. இதைச் சாதாரணக் கவுன்ட்டரால் எண்ணவே முடியாது. ஸ்கேனுக்கு வெளியே தனித்து இயங்கும் அதிவேகக் கவுன்ட்டர் வேண்டும். எண்ணிக்கை குறைகிறது என்று சென்சாரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பல இடங்களில் உண்மையில் ஸ்கேனோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

வரிசையாகக் கணக்கிடுவதால் இன்னொரு விளைவு உண்டு. ரிலே உலகில் ஒரு காயிலுக்கு இரண்டு வழிகளில் மின்சாரம் வந்தால், எந்த வழியில் வந்தாலும் காயில் இழுக்கும். அதே நினைப்பில், கையியக்கத்துக்கு ஒரு படியும் தானியக்கத்துக்கு இன்னொரு படியும் எழுதி, இரண்டின் முடிவிலும் ஒரே மோட்டாரின் காயிலைப் போடுகிறார்கள். ஆனால் ஒரே காயில் இரண்டு படிகளில் வந்தால் கடைசியாக எழுதப்பட்ட விடையே அவுட்புட்டுக்குப் போகும். கையியக்கப் படி 1 என்று எழுதியதைக் கீழே உள்ள தானியக்கப் படி 0 என்று அழித்துவிடும். திரையில் மேலே உள்ள படி பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருக்க, மோட்டார் மட்டும் அசையாது. இதற்குத் தீர்வு எளியது: ஒரு அவுட்புட்டுக்கு நிரல் முழுவதிலும் ஒரே ஒரு காயில், எத்தனை காரணங்கள் இருந்தாலும் அவை அந்த ஒரே படியில் இணைப் பாதைகளாகக் கூட வேண்டும்.

நிரலின் வேகம் இயந்திரத்தின் வேகம் அல்ல என்பதற்கு மோட்டாரை முன்னும் பின்னும் சுற்றவைக்கும் சுற்று நல்ல சான்று. மூன்று ஃபேஸ்களில் இரண்டை இடம் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்; அதற்காக இரண்டு காண்டாக்டர்கள் உள்ளன. இரண்டும் ஒரே நேரத்தில் மூடியிருந்தால் ஃபேஸும் ஃபேஸும் நேரடியாக முட்டிக்கொண்டு பேனல் தீப்பிடிக்கலாம். 'இது ஓடினால் அது ஓடக்கூடாது' என்று நிரலில் எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் நிரல் ஒரே ஸ்கேனில் முடிவை மாற்றிவிடும், காண்டாக்டரின் இரும்புக் கரு விடுவதற்கு அதைவிட நேரமாகும். தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டால் அது விடவே விடாது, பிஎல்சிக்கும் அது தெரியாது. அதனால்தான் ஒரு காண்டாக்டரின் என்.சி. துணைத் தொடுமுனையை மற்றதன் காயிலோடு வரிசையில் கம்பியாலேயே இணைக்கிறார்கள், இரண்டுக்கும் இடையே இயந்திரப் பூட்டும் வைக்கிறார்கள். நிரலில் சிறு தாமதம் கொடுப்பது இவற்றோடு சேர வேண்டியது, இவற்றுக்கு மாற்று அல்ல.

ஸ்டார்ட்டர் பெட்டியின் இன்னொரு நல்ல குணத்தையும் நிரலில் இழந்துவிடக்கூடாது. ஹோல்டிங் முறையில் எழுதிய படி, மின்சாரம் போய் வந்தால் பிடியை விட்டுவிடும். அதற்குப் பதிலாக செட், ரீசெட் கட்டளைகளைப் பயன்படுத்தி, அந்த பிட்டை மின்தடையிலும் அழியாத நினைவகத்தில் வைத்தால், மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தானாக இயங்கத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டியின் பம்புக்கு இது வசதியாக இருக்கலாம். பிரஸ் இயந்திரத்துக்குள் கையை விட்டுச் சிக்கிய தகட்டை எடுத்துக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

டைமர்களையும் கவுன்ட்டர்களையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிபந்தனை தொடர்ந்து நிலைத்த பின் வேலை செய்வது டிஓஎன், நிபந்தனை போன பிறகும் சிறிது நேரம் நீடிப்பது டிஓஎஃப். பெரும்பாலான வேலைகளுக்கு இவ்விரண்டே போதும். அனலாக் இன்புட்டில் சற்று நிற்க வேண்டும். வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் போன்ற அளவுகள் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக வருகின்றன. 10 மீட்டர் தொட்டி என்றால் காலித் தொட்டிக்கு 4, நிறைந்த தொட்டிக்கு 20, பாதிக்கு 12. ஒவ்வொரு மீட்டருக்கும் 1.6 மில்லி ஆம்பியர். ஏன் 0இல் தொடங்கவில்லை? தொட்டி காலியாக இருப்பதையும் கம்பி அறுந்திருப்பதையும் வேறுபடுத்தத்தான். 4 வந்தால் தொட்டி காலி. 0 வந்தால் கருவி பேசவே இல்லை. என்.சி. பொத்தானில் பார்த்த அதே சிந்தனை இங்கே எண்ணாக வந்திருக்கிறது. எஸ்7-1200 இந்த வீச்சை 0 முதல் 27,648 வரையிலான எண்ணாகத் தருகிறது. 4க்குச் சற்றுக் கீழே போனால் எண் எதிர்மறையாகும். அதைக் கவனிக்காமல் வெறும் நீர்மட்டமாக மாற்றிப் பயன்படுத்தும் நிரல், பழுதான கருவி காட்டும் அளவைக் காலித் தொட்டி என்று நினைத்துப் பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

மொழியைப் பொறுத்தவரை, 1993இல் வெளிவந்த ஐஇசி 61131-3 என்ற பன்னாட்டுத் தரம் ஐந்து முறைகளை வரையறுத்தது. அவற்றில் ஒன்றான கட்டளைப்பட்டியல் முறை 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே கைவிடப்பட வேண்டியதாக அறிவிக்கப்பட்டது. இன்று அதைப் புதிதாகக் கற்பதில் பயனில்லை. பாஸ்கல் என்ற கணினி மொழியை ஒத்த ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் முறை கணக்கீடுகளுக்கும் தரவுகளைக் கையாள்வதற்கும் லேடரைவிட மிகவும் தெளிவானது. ஆனால் நள்ளிரவில் நின்றுபோன இயந்திரத்தின் முன் நிற்கும் மின்பணியாளர், எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று லேடரில் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அதற்காகவே தொடக்கம் லேடராக இருப்பது நல்லது என்பேன்.

அவசர நிறுத்தத்தை மட்டும் எந்த மொழியிலும் சாதாரண பிஎல்சியை நம்பி எழுதக்கூடாது. அவுட்புட்டின் டிரான்சிஸ்டர் பழுதாகும்போது மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போது நிரல் 0 என்று எழுதினாலும் மின்சாரம் போய்க்கொண்டேயிருக்கும். எனவே காளான் வடிவச் சிவப்புப் பொத்தானின் கம்பி, பாதுகாப்பு ரிலே வழியாகவோ அதற்கெனச் சான்று பெற்ற பாதுகாப்பு பிஎல்சி வழியாகவோ சென்று காண்டாக்டர்களின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். சாதாரண பிஎல்சிக்கு 'நிறுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டும் போனால் போதும். பொத்தானை மீண்டும் விடுவிப்பதால் மட்டுமே இயந்திரம் ஓடத் தொடங்கிவிடவும் கூடாது.

கற்பதற்கு இன்று செலவு ஒரு தடையல்ல. கோடெசிஸ் மென்பொருளைக் கட்டணமின்றி இறக்கிச் சிமுலேஷனில் நிரல்களை ஓட்டிப் பார்க்கலாம். ஓப்பன்பிஎல்சி என்ற திறந்தமூல மென்பொருளை ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலேயே இயக்கலாம். ஆனால் சிமுலேட்டரில் கம்பி அறுவதில்லை, தொடுமுனை ஒட்டுவதில்லை, திருகு தளர்வதில்லை. அதனால் சிறிய பிஎல்சி ஒன்றும், 24 வோல்ட் மின்வழங்கியும், ஒரு பச்சைப் பொத்தானும், ஒரு என்.சி. சிவப்புப் பொத்தானும், ஒரு விளக்கும் மேசையில் இருக்கட்டும். முதல் நிரலாகக் கிணற்றடி ஸ்டார்ட்டரை எழுதுங்கள். பச்சையை அழுத்தி விடுங்கள், விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சிவப்பை அழுத்துங்கள், அணைய வேண்டும். மீண்டும் எரியவிட்டு, எந்தப் பொத்தானையும் தொடாமல், சிவப்புப் பொத்தானுக்குப் போகும் கம்பியை முனையிலிருந்து கழற்றுங்கள். விளக்கு அந்த நொடியே அணைந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.